மூளைப் புற்றுநோயாளிகளுக்கு ஓர் உதவி அமைப்பு: தொடங்குவது முதல் நடத்துவது வரை முழுமையான வழிகாட்டி

மூளையில் கட்டி உள்ளவருக்கு ரேடியேஷன் தொடங்கும் முன் ஒரு முகமூடி செய்வார்கள். வலைபோல் துளைகள் உள்ள பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, படுத்திருப்பவரின் முகத்தில் விரித்து, நெற்றி, மூக்கு, தாடை என்று விரலால் அழுத்தி விடுவார்கள். சில நிமிடங்களில் அது இறுகி அவர் முகத்தின் அச்சாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு முறையும் அந்த முகமூடியை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டி, தலை அசையாதபடி வைத்துத்தான் கதிர் செலுத்துவார்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான வகைக்கு வழக்கமாக வாரம் 5 நாள், 6 வாரம், மொத்தம் 30 முறை.

நான் முதன்முதலில் துணைக்குப் போனது ஓர் ஆசிரியருக்கு. "உள்ளே போனால் கால் மணி நேரம்தான்" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்காக அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, வண்டி பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, திரும்ப வீடு வந்து சேர்வதற்குள் அவர் மனைவிக்குப் பாதி நாள் போய்விடும். முகமூடிக்குப் பில் வந்தது, கதிருக்குப் பில் வந்தது. அந்த அம்மா 6 வாரம் வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளத்துக்கு யாரும் பில் போடவில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

மூளைப் புற்றுநோயாளிகளுக்காக ஓர் அமைப்பு தொடங்க நினைப்பவர்கள் இந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பில் உள்ள செலவுக்குக் காப்பீடு, அரசு உதவி, உறவினர் என்று ஏதாவது ஒரு கதவையாவது தட்டலாம். பில் இல்லாத செலவைச் சுமக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதல் படி: நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிதி திரட்ட வருகிறவர் டாக்டர் ஆக வேண்டியதில்லை. ஆனால் ஒரு குடும்பம் எதிரில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை நீட்டும்போது அதில் உள்ள சொற்களாவது புரிய வேண்டும்.

மூளைக் கட்டிகளில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மூளையிலேயே உருவாவது ஒரு வகை. நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், தோல் போன்ற இடங்களில் தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் பரவுவது இன்னொரு வகை. பெரியவர்களிடம் இந்த இரண்டாவதுதான் அதிகம். "மூளைப் புற்றுநோயாளிகளுக்கு உதவி" என்று பலகை மாட்டினால் இந்த இரு தரப்பினரும் வருவார்கள். பரவி வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். வாசலில் வந்து நிற்பவரிடம் "உங்களுடையது எங்கள் பட்டியலில் இல்லை" என்று சொல்ல நேர்வது கொடுமை.

மற்ற புற்றுநோய்களுக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பரவலைக் கணக்கிடுவார்கள். மூளையில் உருவாகும் கட்டிகளுக்குப் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. கட்டி வளரும் வேகத்தைச் சொல்லும் கிரேடு 1 முதல் 4 வரைதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மைக்ரோஸ்கோப்பில் தெரிவது மட்டும் போதாது, கட்டியின் மரபணு மாற்றங்களையும் பார்த்துத்தான் பல கட்டிகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று வந்துவிட்டது. இதில் நமக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்து வைத்த பணம் தீர்ந்துபோன நிலையில், இந்த மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டச் சொல்லும்போது பல குடும்பங்கள் திகைத்து நிற்கும். சிகிச்சையின் திசையே அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ள கிரேடு 2 கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சோதனை செய்யாதவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. உங்கள் நிதியில் ஒரு சிறு பகுதியை இந்தச் சோதனைக்கென்றே ஒதுக்கினால் அது வீண் போகாது.

காலக் கணக்கும் தெரிய வேண்டும். கிளியோபிளாஸ்டோமாவுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 2005-இல் வெளியான ஓர் ஆய்வு. ரேடியேஷனுடன் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானார்கள். அதாவது, நான்கில் ஒருவர். இந்த எண்களை எந்தக் குடும்பத்திடமும் நீங்களாகச் சொல்லாதீர்கள், அது டாக்டரின் வேலை. ஆனால் உங்கள் கமிட்டி ஒரு விண்ணப்பத்தை மூன்று மாதம் வைத்துப் பரிசீலித்தால் அது யாருடைய காலத்திலிருந்து எடுத்துக்கொண்ட மூன்று மாதம் என்பது கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாக் கட்டியும் இப்படி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெனிஞ்சியோமா போன்றவை பெரும்பாலும் புற்று வகையே இல்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பல்லாண்டு வாழ்கிறவர்கள் ஏராளம். ஆனாலும் அவர்களில் பலருக்கு வலிப்பு, மறதி, பார்வைக் குறை, களைப்பு என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். "கட்டிதான் எடுத்தாச்சே" என்று ஊர் சொல்லிவிடுவதால் அவர்களுக்கு உதவி கேட்கவே கூச்சம்.

இரண்டாம் படி: பத்துக் குடும்பங்களோடு உட்காருங்கள்

பெயர், லோகோ, பேனர் எல்லாம் அப்புறம். முதலில் பத்துக் குடும்பங்கள். ஒரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் அல்லது மருத்துவமனைச் சமூகப் பணியாளர் மூலம், அந்தக் குடும்பங்களின் சம்மதத்தோடு, ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

"என்ன உதவி வேண்டும்?" என்று மட்டும் கேட்டால் "பணம்" என்ற ஒற்றைப் பதில்தான் வரும். அப்படிக் கேட்காமல், போன செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என்ன நடந்தது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் உண்மையெல்லாம் கொட்டும். மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையால் அவருக்கு இரவு இரண்டு மணிக்குப் பசிக்கிறது, தூக்கம் வருவதில்லை, எரிந்து விழுகிறார். குளியலறையில் ஒருமுறை வலிப்பு வந்ததிலிருந்து கதவைப் பூட்ட விடுவதில்லை, அதற்கே தினமும் சண்டை. வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். ஏடிஎம் எண் மறந்துவிட்டது, வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. "அவர் அவராகவே இல்லை" என்று ஓர் அம்மா சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காக உடனே மன்னிப்பும் கேட்டார்.

மற்ற நோய்களில் நோயாளியே போன் செய்து உதவி கேட்பார், படிவம் நிரப்புவார். இந்த நோய் பேச்சையும் நினைவையும் சுபாவத்தையும் தொட்டுவிடுவதால், கேட்க வேண்டிய ஆளே கேட்க முடியாமல் போகிறார். கூட இருப்பவர்தான் எல்லாமாக ஆகிறார். ஆகவே உங்கள் அமைப்பின் பாதிக் கவனம் அவர்மேல் இருக்க வேண்டும்.

பத்து உரையாடல் முடிந்ததும் திரும்பத் திரும்ப வந்த மூன்று விஷயங்களை எழுதுங்கள். வேலை அதற்குள்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: ஒரே ஒரு வேலையை எடுங்கள்

சிகிச்சைச் செலவு, போக்குவரத்து, ஆலோசனை, ஆராய்ச்சி நிதி, விழிப்புணர்வு எல்லாவற்றையும் நோக்க அறிக்கையில் எழுதிவிட ஆசை வரும். எழுதாதீர்கள். முதல் ஆண்டுக்கு ஒன்று போதும். "எங்கள் மருத்துவமனையில் ரேடியேஷன் எடுக்கும் மூளைக் கட்டி நோயாளிகளின் 30 நாள் போக்குவரத்தையும் துணையையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பது போல ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். நன்கொடை கேட்கும்போதும் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

பெரிதாக வளர்ந்த அமைப்புகளும் சின்ன இடத்திலிருந்துதான் வந்தன. அமெரிக்க மூளைக் கட்டிச் சங்கத்தை 1973-இல் தொடங்கியவர்கள் மூளைக் கட்டி உள்ள குழந்தைகளின் தாய்மார்கள் இருவர். ஆஸ்திரேலிய ரக்பி வீரர் மார்க் ஹியூஸ் தனக்கு மூளைப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு 2014-இல் அறக்கட்டளை தொடங்கினார். அவர்கள் கையில் எடுத்தது ஒரு கம்பளித் தொப்பி. அதை விற்று வந்த பணம் ஆராய்ச்சிக்கும், நோயாளிகளை வழிநடத்தும் சிறப்புச் செவிலியர்களுக்கும் போகிறது. தலையில் அறுவைத் தழும்பு உள்ளவரும், முடி கொட்டியவரும், ஒன்றும் இல்லாதவரும் ஒரே தொப்பியைப் போட்டுக்கொள்ளலாம். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது அதனால்தான்.

நான்காம் படி: ஆட்கள், பதிவு, கணக்கு

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு போதும். அதில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், இந்த நோயை வீட்டில் பார்த்தவர் குறைந்தது இருவர் இருக்கட்டும். ஒரே குடும்பத்தினர் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. மறைந்த ஒருவரின் நினைவாகத் தொடங்கும் அமைப்புகளில் இது தானாகவே நடந்துவிடும். அவர்களுடைய துக்கமே இந்த வேலைக்கு உயிர் கொடுக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் செலவைக் கேள்வி கேட்க வெளியாள் ஒருவர் அந்த மேசையில் இருந்தே ஆக வேண்டும்.

டாக்டர்களைத் தனியாக ஆலோசனைக் குழுவில் வையுங்கள். நரம்பியல் அறுவை, கதிர்வீச்சு, தணிப்புச் சிகிச்சை (வலியையும் அவதியையும் குறைப்பது) என்று மூன்று துறையிலிருந்தும் ஒவ்வொருவர் இருந்தால் நல்லது. தன் நோயாளிக்கு நிதி கேட்கும் டாக்டர் அந்த விண்ணப்பத்தின் முடிவில் கலந்துகொள்ளக் கூடாது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு முறை நாட்டுக்கு நாடு மாறும். அறக்கட்டளையா, சங்கமா, லாப நோக்கில்லாத நிறுவனமா என்று ஒரு வழக்கறிஞரிடமும் தணிக்கையாளரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். வரிச்சலுகை ரசீது கொடுக்கும் தகுதியும், வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதியும் தனித்தனி விஷயங்கள். அவை கிடைக்கும் முன் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். எங்கும் பொருந்தக்கூடியவை இவை: அமைப்பின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு வரவுக்கும் ரசீது. "இப்போதைக்கு என் கணக்கில் போடுங்க" என்பது ஒருநாள்கூட வேண்டாம்.

பதிவெல்லாம் பெரிய பாரமாகத் தோன்றினால் வேறு வழியும் உண்டு. ஏற்கனவே நடக்கும் ஒரு புற்றுநோய் அமைப்பிடம் போய், "மூளைக் கட்டிக்கென்று ஒரு தனி நிதி உங்களுக்குள் வைத்து நாங்கள் நடத்தலாமா?" என்று கேளுங்கள். பலருக்கு இதுதான் சரியான வழி என்பேன்.

ஐந்தாம் படி: நிதி திரட்டுவது

முதல் பணம் தெரிந்தவர்களிடமிருந்துதான் வரும். 30 பேர் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரிடமும் நேரில் அல்லது போனில் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் செய்தியை எல்லோரும் கும்பிட்டுவிட்டுக் கடந்து போவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால்தான் மனது அசையும். கேட்கும்போது எண்ணோடு கேளுங்கள். "இந்தத் தொகை ஒருவரின் ஒரு வார ரேடியேஷன் பயணத்துக்கு ஆகும்" என்றால் கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று தெரியும். ஒரேயடியாகப் பெரிதாகக் கொடுப்பவரைவிட மாதா மாதம் சிறிதாகக் கொடுப்பவர்தான் உங்கள் முதுகெலும்பு. அடுத்த மாதம் எத்தனை குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று அவரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நிகழ்ச்சிகளுக்கு நாள் பார்க்க வேண்டுமானால், ஜூன் 8 உலக மூளைக் கட்டி தினம். ஜெர்மனியின் மூளைக் கட்டி உதவிச் சங்கம் 2000-இல் அந்த நாளைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் மே மாதமும் பிரிட்டனில் மார்ச் மாதமும் விழிப்புணர்வு மாதங்கள். இதற்கான ரிப்பன் சாம்பல் நிறம். நடைப்பயணம், ஓட்டம், தலை மழித்துக்கொள்வது, தொப்பி விற்பனை எல்லாம் நன்றாக நடக்கும். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். மேடை, மைக், டி-ஷர்ட், தண்ணீர் என்று செலவு போனால் கையில் நிற்பது எவ்வளவு? செலவை ஏற்க ஒரு புரவலர் கிடைத்த பிறகே அறிவிப்பு வையுங்கள். நோயாளிகள் கலந்துகொள்ளும் நிகழ்ச்சியாக இருந்தால் நிழலும் நாற்காலியும் ஓய்வெடுக்க ஓர் அமைதியான அறையும் கட்டாயம். மின்னி மின்னி அணையும் விளக்கு சிலருக்கு வலிப்பைத் தூண்டும், அது வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நிதி கேட்க ஒரு முகம் தேவைப்படும், ஒரு கதை தேவைப்படும். தலையில் தையலோடு படுத்திருப்பவரின் படம் போட்டால் பணம் கொட்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் படத்துக்கு அவர் சம்மதம் கொடுத்தபோது, எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குப் புரிந்ததா? மூளையின் முன்பகுதியில் கட்டி உள்ளவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டலாம். ஆகவே எங்கள் வழக்கம் இப்படி: நோயாளியிடம் இரண்டு வெவ்வேறு நாளில் கேட்போம், வீட்டாரிடம் தனியாகக் கேட்போம், எழுதி வாங்குவோம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம் என்று சொல்லிவைப்போம். இவர்களில் ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுவோம். குழந்தைகள் முகத்தைக் காட்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் குழந்தை குணமாகி வளர்ந்து வந்து தன் படத்தைப் பார்க்கும் நாள் ஒன்று வர வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்கிறோம்.

அழுகையைக் காட்டாமலும் ஆதரவைத் திரட்டலாம். பிரிட்டனில் அமைச்சராக இருந்த டெஸ்ஸா ஜோவெல், தனக்குக் கிளியோபிளாஸ்டோமா இருந்த நிலையில், 2018 ஜனவரியில் பிரபுக்கள் சபையில் எழுந்து பேசினார். அடுத்த சில மாதங்களில் மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசு கூடுதல் நிதி அறிவித்தது. மே மாதம் அவர் மறைந்தார். நோயாளியே தன் சொல்லில் பேசினால் அதற்குள்ள பலம் வேறு.

யாரிடமிருந்து வாங்கக் கூடாது என்றும் எழுதி வையுங்கள். மருந்து கம்பெனி பணம் கொடுத்தால் பெயரோடு வெளிப்படையாகச் சொல்லுங்கள், அந்தப் பணத்துக்காக எந்த மருந்தையும் பரிந்துரைக்காதீர்கள். "கட்டியைக் கரைக்கும்" பொடியும் எண்ணெயும் விற்பவர் எவ்வளவு கொடுத்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

ஆறாம் படி: பணத்தைக் கொடுப்பது

திரட்டுவதைவிடக் கொடுப்பது கடினம். ஒரு பக்கப் படிவம் போதும். மருத்துவமனைச் சீட்டு, டாக்டர் கையெழுத்து, என்ன தேவை, வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள். நான் அறிந்த ஓர் அமைப்பு இருந்தது. பெயர் வேண்டாம். 14 சான்றுகள் கேட்டார்கள். எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்துக்குப் பதினோராவது சான்று கிடைத்தபோது அந்த நோயாளி இல்லை. ஏமாற்றுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து சரிபார்த்தால் போதும்.

பெரிய தொகையை மருத்துவமனைக்கோ மருந்துக் கடைக்கோ ஆய்வகத்துக்கோ நேரடியாகக் கட்டுங்கள். சின்னத் தொகையைக் குடும்பத்தின் கையில் கொடுங்கள், கணக்குக் கேட்டுக் குடையாதீர்கள். வண்டிக் கட்டணம், சாப்பாடு, போன் ரீசார்ஜ், பிள்ளையின் பள்ளிச் செலவு என்று எது முக்கியம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். விண்ணப்பம் வந்து மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்வது என்று விதி வையுங்கள். அவசரத் தொகை ஒன்றைக் கமிட்டி கூடாமலே இருவர் சேர்ந்து கொடுக்கும் அதிகாரமும் வேண்டும். "இல்லை" என்று சொல்ல நேர்ந்தால் எழுத்தில் அனுப்பாமல் போனில் சொல்லுங்கள், வேறு எங்கே கேட்கலாம் என்ற தகவலோடு.

பணமாக இல்லாத உதவியையும் கணக்கில் எடுங்கள். சக்கர நாற்காலி, மருத்துவக் கட்டில், கழிப்பிட நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, காலை மதியம் இரவு என்று பிரித்த மாத்திரைப் பெட்டி ஆகியவற்றை இரவல் கொடுக்க ஒரு சின்ன அறையும் ஒரு நோட்டும் போதும். மிகக் குறைந்த செலவில் மிக நீண்ட நாள் உதவுவது இதுதான்.

ஏழாம் படி: துணை நிற்பது

தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சியாவது கொடுத்த பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள். முதலில் வலிப்பு. வந்தவுடன் மணியைப் பாருங்கள். சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை நகர்த்தி, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கழுத்து இறுக்கத்தைத் தளர்த்துங்கள். கை காலைப் பிடித்து அடக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கை கால் வெட்டுவது நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ ஆம்புலன்ஸ். இதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் போதாது, தரையில் படுத்துச் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது, பேச்சு தடைப்பட்டவரோடு பேசுவது. டிவியை நிறுத்துங்கள். எதிரே உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, அதுவும் ஆம் இல்லை என்று பதில் சொல்லும்படி. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் சொல்ல வருவதை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். குழந்தையிடம் பேசுவது போல் குரலை மாற்றாதீர்கள். நான் மேலே சொன்ன ஆசிரியர் ஒருநாள் "தண்ணி" என்ற சொல்லுக்காக ஏறக்குறைய ஒரு நிமிடம் போராடினார். நான் செம்பை எடுக்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். சொல் வந்தது. அன்று அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் கெடுக்க இருந்தேன்.

தொண்டர் மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது. மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து எதுவும் கூடாது. குறிப்பாக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். "முகம் வீங்குது, நிறுத்திடலாமா?" என்று வீட்டார் கேட்டால், அவர்கள் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுப்பதுதான் தொண்டரின் வேலை. அதேபோல எந்த அதிசய வைத்தியம் பற்றிக் கேட்டாலும் திட்டாதீர்கள். வேறு வழி தெரியாமல் கேட்கிறார்கள். "டாக்டரிடம் சொல்லிவிட்டு முடிவு செய்யலாம், நானும் கூட வருகிறேன்" என்றால் போதும்.

கூட இருப்பவருக்கென்று தனியாக ஏதாவது செய்யுங்கள். வாரம் மூன்று மணி நேரம் தொண்டர் ஒருவர் நோயாளியோடு உட்கார, கூட இருப்பவர் வெளியே போய்விட்டு வரலாம். எங்கே போனார் என்று கேட்காதீர்கள். தூங்கியிருந்தாலும் சரிதான். அவர்களுக்கான மாதக் கூட்டத்தை நோயாளிகள் கூட்டத்தோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். கணவன் கை ஓங்கினார் என்றோ, மகள் தன்னை அடையாளம் தெரியாமல் பேசினாள் என்றோ நோயாளிகள் எதிரில் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாள்கள் மிக மோசமானவை. ஸ்கேன் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு முதல் நாள் மாலை ஒரு போன் செய்யுங்கள்.

தணிப்புச் சிகிச்சைக் குழுவை ஆரம்பத்திலேயே அறிமுகப்படுத்துங்கள். அது கடைசி நாளுக்கானது என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, பயம் எல்லாவற்றையும் அவர்கள் முதல் மாதத்திலிருந்தே கவனிக்க முடியும். வங்கிக் கணக்கு, உயில், மருத்துவ முடிவுகளை யார் எடுப்பது என்ற விஷயங்களையும், நோயாளிக்குத் தெளிவு இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரை வைத்துப் பேசச் சொல்லலாம்.

எட்டாம் படி: ஆராய்ச்சிக்குக் கொடுப்பதானால்

இது அவசரம் இல்லை. மூன்று நான்கு ஆண்டு நின்று காட்டிய பிறகு யோசிக்கலாம். சிறிய அமைப்பு தானாக ஆய்வுகளைத் தேர்ந்தெடுக்க முயலக் கூடாது. துறை நிபுணர்கள் மதிப்பிட்டுத் தேர்வு செய்யும் ஏற்பாடு உள்ள நிறுவனத்தோடு சேர்ந்து கொடுங்கள். ஓர் ஆராய்ச்சிச் செவிலியரின் ஓராண்டுச் சம்பளம், திசு வங்கிக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி, இளம் ஆய்வாளர் ஒருவரின் உதவித்தொகை போன்றவை சிறு பணத்துக்கும் எட்டக்கூடியவை. நோயாளிக்கென்று கொடுத்த பணத்தை ஆராய்ச்சிக்கு மாற்றாதீர்கள். எதற்கென்று வாங்கினோமோ அதற்கே செலவு செய்ய வேண்டும், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

ஒன்பதாம் படி: கணக்குக் காட்டுவது

ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு. எவ்வளவு வந்தது, எத்தனை குடும்பத்துக்குப் போனது, நிர்வாகத்துக்கு எவ்வளவு ஆனது, எது சரியாக நடக்கவில்லை. நிர்வாகச் செலவை மறைக்க வேண்டாம். தணிக்கையாளருக்கும் போனுக்கும் பணம் ஆகத்தான் செய்யும். ஆறு மாத வாக்குறுதிகளுக்கான தொகை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், பாதி ரேடியேஷனில் நிதி தீர்ந்துவிட்டது என்று யாரிடமும் சொல்ல நேரக் கூடாது.

பத்தாம் படி: இறப்புக்குப் பிறகு

பெரும்பாலான அமைப்புகள் இங்கே கோப்பை மூடிவிடுகின்றன. நீங்கள் மூடாதீர்கள். தகவல் வந்ததும் உங்கள் பட்டியலிலிருந்து அந்த எண்ணுக்குப் போகும் நினைவூட்டல்களை அன்றே நிறுத்துங்கள். மறைந்தவரின் பெயருக்கு "அடுத்த ஸ்கேன் எப்போது?" என்று ஒரு செய்தி போய்விட்டால் அந்தக் காயத்துக்கு மருந்து கிடையாது. முதல் வாரம் ஒருவர் நேரில் போகட்டும். அப்புறம் ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு என்று நாளைக் குறித்து வைத்துப் போன் செய்யுங்கள். நன்கொடை கேட்காதீர்கள், தொண்டராக வரச் சொல்லாதீர்கள். வருகிறவர்கள் தாமாக வருவார்கள், அவர்களையும் ஓராண்டு பொறுத்துத்தான் நோயாளி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அடுத்தடுத்து மரணங்களைப் பார்த்த தொண்டருக்கும் இரண்டு மாதம் ஓய்வு கொடுத்து, எழுதுவேலை ஏதாவது தாருங்கள்.

அந்த ஆசிரியரின் மனைவி நான்காவது மாதம் சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். துடைத்து, சீட்டுக்குத் தானே தைத்த புது உறை போட்டிருந்தார். இடது சக்கரத்தின் பிரேக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சரிவில் நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். நோட்டில் தேதி போட்டு, பக்கத்தில் "இடது பிரேக்" என்று எழுதிக்கொண்டேன். மறுநாளே அதை இறுக்கிவிட்டோம். வியாழக்கிழமை நாற்காலி வேறொரு வீட்டுக்குப் போனது.